மேல் லயத்துக் கழிவு, கீழ் லயத்துக் குடிநீர்

ஜூன் 5ஆம் திகதி உலக சுற்றாடல் தினம். 1973ஆம் ஆண்டிலிருந்து உலக நாடுகள் இந்த நாளை அனுஷ்டித்து வருகின்றன. நமது தோட்டங்களிலும் அன்றைக்கு ஸ்டோர் வாசலில் ஒரு மரக்கன்று நடப்படும். பாடசாலைப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள். படம் எடுப்பார்கள். மாதம் முடிவதற்குள் அந்தக் கன்றை ஆடு தின்றிருக்கும். அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று.

அந்த ஒரு நாளைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு ஒன்றுமில்லை. மீதி 364 நாளும் நமது பீலிக்கரையில், அடுப்படியில், லயத்து வாசலில், கொழுந்து மலையில் நடப்பதைப் பற்றியே இந்தத் தலையங்கத்தில் பேசுகிறோம்.

"சம்பளப் பிரச்சினை தீரவில்லை. காணி உரிமை கிடைக்கவில்லை. கூரைத் தகரம் ஒழுகுகிறது. இந்த நேரத்தில் சங்கப் பத்திரிகை குப்பையைப் பற்றி எழுதலாமா?" என்று நமது அங்கத்தவர்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் மேலே போக முடியாது.

குற்றம் யாருடையது, பாதிப்பு யாருக்கு?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். உலகம் சூடாவதற்குத் தோட்டத் தொழிலாளி காரணம் அல்ல. இலங்கையில் ஓர் ஆளுக்கு வருடத்தில் வெளியாகும் கரியமில வாயு ஏறத்தாழ 1 தொன். உலகச் சராசரி அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அந்த 1 தொன்னிலும் காரும் குளிரூட்டியும் இல்லாத லயத்துக் குடும்பத்தின் பங்கு மிகச் சிறியது.

இந்த மலைகள் ஒரு காலத்தில் அடர்ந்த காடுகளாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் அவை அழிக்கப்பட்டன. கோடரி பிடித்த கைகளில் நமது முன்னோரின் கைகளும் இருந்தன. உத்தரவு வேறு இடத்திலிருந்து வந்தது, இலாபமும் வேறு இடத்துக்குப் போனது. ஆகவே சுற்றாடலைப் பற்றி நமக்கு உபதேசம் செய்யும் தகுதி பலருக்கு இல்லை.

ஆனால் கணக்குத் தீர்க்கும்போது இயற்கை நமது வாசலுக்குத்தான் முதலில் வருகிறது. மழை பிந்தினால் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லையென்றால் வேலை நாள் குறைகிறது. வேலை கொடுத்த நாளிலும் கேட்ட கிலோ எடுக்க முடியாமல் அரைப் பேர் விழுகிறது. மழை அளவுக்கு மீறிப் பெய்தாலோ மண் சரிகிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு நமது சனங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தை என்ன பாடு படுத்தியது என்பதை எழுதவே தேவையில்லை.

ஆக, சுற்றாடல் என்பது கொழும்பில் மண்டபம் எடுத்துப் பேசுகிறவர்களின் விஷயம் அல்ல. சம்பளம், வீடு, உயிர் என்று நாம் எதற்காகப் போராடுகிறோமோ அவை எல்லாவற்றின் அடியிலும் தண்ணீரும் மண்ணும் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. தோட்டம் என்பது சரிவில் அமைந்த ஊர். மேலே ஒரு லயம், நடுவில் ஒன்று, ஆற்றோரத்தில் ஒன்று. மேல் லயத்தில் கொட்டுவது நடு லயத்தின் கானில் வந்து தேங்கும். அங்கே கழுவி விடுவது ஆற்றோரத்து லயத்தின் குடத்துக்குள் போகும். நகரத்தில் ஒருவன் போட்ட குப்பை எங்கே போகிறது என்பது அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். கீழே இருப்பவர் நமது அக்காவாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், ஒரே கொந்தரப்பில் நிற்பவராக இருக்கலாம். அவருடைய பிள்ளைக்கு வயிற்றோட்டமோ செங்கண்மாரியோ வந்தால், அதற்கு நமது வீட்டு அழுக்கும் காரணமாக இருக்கக்கூடும். இங்கே சுற்றாடல் பழக்கம் என்று நாம் சொல்வது அடிப்படையில் அயல் வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

பீலிக்கரை

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான தோட்டங்களில் குடிநீர் மலையில் உள்ள ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ குழாய் வழியாக வருகிறது. பல இடங்களில் ரப்பர் குழாய் இரவு பகலாகத் திறந்தபடி கிடக்கும். "ஓடுகிற தண்ணிதானே" என்று நினைக்கிறோம். ஒரு சின்னக் கணக்கு. 10 லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால், ஒரு மணித்தியாலத்துக்கு 600 லீற்றர். இரவு எட்டு மணித்தியாலம் திறந்து கிடந்தால் 4,800 லீற்றர். கீழ் லயத்துப் பெண்கள் விடியற்காலையில் குடத்தோடு வரிசையில் நிற்பது இந்தத் தண்ணீருக்காகத்தான். வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய்கூட ஒரு நாளில் ஏறத்தாழ 20 லீற்றர் தண்ணீரை வீணாக்கும். அது இரண்டு வாளி.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. குழாய் நுனியில் ஒரு திருகு பூட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு மரக்கட்டையைச் சீவி அடைப்பு வையுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே துணி துவைக்கவோ குளிக்கவோ வேண்டாம். துவைக்கும் கல்லைக் கீழே மாற்றுங்கள். பிள்ளைகளின் மலத்தையும் பம்பர்ஸையும் ஓடையில் போடும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஊற்றுக்கு மேலே உள்ள மரங்களையும் புதர்களையும் விறகுக்காக வெட்ட வேண்டாம். அந்த நிழலும் வேரும் போனால் கோடையில் ஊற்று வற்றும்.

அரிசி கழுவிய நீரும் மரக்கறி கழுவிய நீரும் வீட்டுக்குப் பின்னால் உள்ள வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகட்டும். குடிநீரை எப்படியும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். காலையில் ஒரே தடவையில் கொதிக்க வைத்து, சுடுதண்ணீர்ப் போத்தலிலும் மூடிய குடத்திலும் ஊற்றி வைத்தால், ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் அடுப்பை மூட்ட வேண்டியதில்லை.

நமது ஓடைகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல என்பதையும் நினைவில் வைப்போம். காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களைத் தாண்டிப் போகும் தண்ணீர்தான் களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் குடிநீராகிறது. 335 கிலோமீற்றர் ஓடி வயல்களுக்குப் பாயும் மகாவலியும் இந்த மலைகளிலிருந்தே இறங்குகிறது. நாட்டின் தலைமாட்டில் இருப்பவர்கள் நாம். அந்தப் பொறுப்பு நமக்கு இருக்கிறது என்றால், அதற்குரிய கௌரவத்தைக் கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

அடுப்படி

2022இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது நகரத்தார் விறகு அடுப்புக்குத் திரும்பினார்கள். நம்மில் பெரும்பாலானோர் அதை விட்டு விலகியதே இல்லை. மலையில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுத்துவிட்டு, மாலையில் தலையில் விறகுக் கட்டோடு இறங்கும் பெண்ணுக்குத்தான் ஒரு கட்டு விறகின் உண்மையான விலை தெரியும்.

விறகை மிச்சப்படுத்தும் முதல் வழி, அதை உலர்த்துவது. ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் ஈரத்தை விரட்டுவதற்கே போய்விடுகிறது, புகையும் கூடுகிறது. கவ்வாத்துக் குச்சியையும் மிலாறையும் வெட்டின கையோடு எரிக்காமல் பிளந்து, மழைபடாத இடத்தில் அடுக்கி வைத்தால் அதே சோறு குறைந்த விறகில் வேகும். சட்டிக்கு மூடி போட வேண்டும். கடலை, பயறு, கௌப்பி போன்றவற்றை முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். சோறு கொதித்து இறங்கும் நேரத்தில் கொள்ளியை வெளியே இழுத்துத் தணலில் விட வேண்டும். நமது பாட்டிமார் செய்தது இதுதான்.

களிமண்ணில் செய்த 'அனகி' அடுப்பு இலங்கையில் பல இடங்களில் விற்பனைக்கு உண்டு. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு சட்டி வேகும். மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகு போதும், புகையும் குறைவு. வாரத்துக்கு மூன்று கட்டு விறகு சுமக்கும் ஒரு தாய்க்கு அது இரண்டு கட்டாகக் குறைந்தால், வருடத்தில் 52 கட்டு சுமை அவள் கழுத்திலிருந்து இறங்குகிறது.

அடுப்புப் பற்றவைக்க ஷொப்பிங் பையையும் பழைய பூட்ஸ் துண்டையும் போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரியும்போது வரும் புகை நச்சுப் புகை. புகைபோக்கி இல்லாத காம்பராவில் அந்தப் புகை முதலில் போவது அடுப்படியில் தவழும் பிள்ளையின் நெஞ்சுக்கு. காய்ந்த பைனஸ் சருகு, யூகலிப்டஸ் பட்டை, தென்னம் பொச்சு ஆகியவை நமக்குச் சும்மா கிடைக்கின்றன. ஒரு பழைய டின்னில் இவற்றைச் சேர்த்து வைத்தால் மழைக்காலத்திலும் அடுப்பு பற்றும்.

மின்சாரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பழைய 60 வோட் குண்டு பல்பு நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. 9 வோட் எல்.ஈ.டி. பல்பு அதே நேரம் எரிந்தால் ஒன்றரை அலகுகூட ஆகாது. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடுகிறது என்பதால், எல்லையில் நிற்கும் வீட்டுக்கு ஒரு பல்பை மாற்றுவதும் பில்லில் தெரியும்.

குப்பைமேடு

பத்துக் காம்பரா உள்ள எந்த லயத்தின் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். அங்கே கிடப்பதில் பெரும் பகுதி மரக்கறித் தோல், சாம்பல், தேயிலைச் சக்கை, சோற்று மிச்சம். இது குப்பை அல்ல, மண்ணுக்குச் சாப்பாடு. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது உரத்தின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றடிக் குழி ஒன்று தோண்டி, ஒரு படை சமையல் கழிவு, ஒரு படை சருகு, மேலே கொஞ்சம் மாட்டுச் சாணம் அல்லது கோழி எரு என்று போட்டு, மழை நேரடியாக விழாமல் மூடி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கிளறிவிட்டால் சில மாதங்களில் பசளை தயார். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி வல்லாரையும் பொன்னாங்காணியும் போஞ்சியும் போட்டால், கடைக் கொப்பியில் எழுதும் தொகை கொஞ்சம் குறையும்.

மிச்சம் இருப்பது பொலித்தீனும் பிளாஸ்டிக்கும். மலைக்கு ரொட்டி கட்டிக்கொண்டு போகும் லன்ச் ஷீட்டைப் பாருங்கள். உணவு சுற்றும் பொலித்தீன் தாளுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. ஆனாலும் கொழுந்து மலையில் கல்லிடுக்கிலும் செடி அடியிலும் அது கிடக்கிறது. ஒருவர் நாளுக்கு ஒரு தாள், மாதத்துக்கு 20 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 240 தாள். நூறு பேர் கொழுந்தெடுக்கும் ஒரு டிவிசனில் 24,000. அது மக்காது, கானை அடைக்கும், மண்ணோடு கலக்கும். இதற்கு மாற்று ஒரு மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி. இல்லாவிட்டால் வாட்டிய வாழை இலையும் அதைச் சுற்ற ஒரு துணியும். துணியை மாலையில் துவைத்துவிடலாம்.

டவுனுக்குப் போகும்போது ஒரு சாக்குப் பையையோ துணிப் பையையோ கையில் எடுத்துப் போங்கள். 2025 நவம்பரிலிருந்து கடைகளில் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்க முடியாது; இனி பை எடுத்துப் போவது காசு மிச்சமும்கூட. போத்தல், டின், கடதாசி, தடித்த பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தனிச் சாக்கில் சேர்த்தால், பழைய சாமான் வாங்க வரும் வியாபாரியிடம் கொடுக்கலாம். எதையும் வாசலில் கொட்டி எரிக்க வேண்டாம். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017இலிருந்து சட்டப்படியும் தடைசெய்யப்பட்ட செயல்.

திறந்து கிடக்கும் குப்பைமேடு இன்னொரு ஆபத்தையும் கொண்டு வருகிறது. சோற்று மிச்சத்துக்குத் தெரு நாய்கள் கூடுகின்றன. நாயைத் தேடிச் சிறுத்தை லயத்து வாசல் வரை வருகிறது. மரவள்ளியைத் தேடிக் காட்டுப்பன்றி வருகிறது; பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய ஒரு கருஞ்சிறுத்தை இறந்ததை நாடே பேசியது. சுருக்கு வைப்பவர் சட்டத்தில் மாட்டுவார். சுருக்கில் பாதி மாட்டி வெறி பிடித்து நிற்கும் சிறுத்தைக்கு முன்னால் போய் நிற்பவர், கொழுந்தெடுக்கப் போகும் நமது பெண்ணாக இருப்பார்.

றப்பர் தோட்டங்களில் உள்ள அங்கத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பால் எடுக்காத நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். மழைநீர் தேங்கிய சிரட்டை ஒவ்வொன்றும் டெங்கு நுளம்பின் தொட்டில்.

கானும் மலையும்

மலைச் சரிவில் கான் வெட்டுவது ஏன் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கித் தேங்காமல் வழிந்து போகவேண்டும் என்பதற்காகத்தான். லயத்துக்குப் பின்னால் உள்ள கானில் பொலித்தீனும் பம்பர்ஸும் அடைத்தால் தண்ணீர் அத்திவாரத்துக்கு அடியில் போகும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம், லயத்துக்கு நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கினால் கான் திறக்கும். நிர்வாகம் செய்யவேண்டிய வேலை இது என்பதில் சந்தேகமில்லை. அதைக் கேட்போம். ஆனால் ஒக்டோபர் மழை நமது கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காது.

மழை அளக்கும் பழக்கம் ஒன்றையும் ஏற்படுத்திக்கொள்ளலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள நேரான டின் ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். காலையில் அடிமட்டம் வைத்து உயரத்தைப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரை, அதாவது ஏறத்தாழ 3 அங்குலத்தைத் தாண்டினால் மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுறுத்தல். சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது ஆகியவற்றைக் கண்டால் அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளோடு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அதைக் கதவின் பின்னால் எழுதி வையுங்கள்.

கோடையில் மானாப் புல் மலைகளுக்கு நெருப்பு வைக்கும் வேலை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. குறிப்பாக ஊவாவில் ஓகஸ்ட், செப்டெம்பர் காற்றுக்கு ஒரு பீடித் துண்டு போதும். புல் எரிந்தால் மேல்மண் வெறிச்சோடும், அடுத்த மழையில் அது ஓடையில் இறங்கும், ஊற்று பலவீனமாகும். விளையாட்டுக்குத் தீ வைக்கும் இளைஞர்களிடம் பெரியவர்கள் பேச வேண்டும்.

மருந்தடிக்கும் தோழர்களுக்கு முக்கியமான ஒன்று. வெறும் மருந்துக் கேனைத் தண்ணீர் வைக்கவோ எண்ணெய் வாங்கவோ வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் அது சாப்பாட்டுக்கு ஆகாது. மூன்று தடவை அலசி, அலசிய நீரை மருந்துத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி, கேனில் ஓட்டை போட்டு நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள். மருந்துத் தாங்கியை ஓடையில் கழுவ வேண்டாம். மருந்து பட்ட உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் வேறாகத் துவையுங்கள்.

பெண்களின் தலையில் இன்னொரு சுமையா?

இவ்வளவும் எழுதும்போது நமக்கே ஒரு கவலை உண்டு. தண்ணீர், விறகு, சமையல், குப்பை, பாத்தி என்று மேலே சொன்ன காரியங்களில் பெரும்பாலானவை இன்று யார் தலையில் இருக்கின்றன? விடியற்காலையில் எழுந்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, கொழுந்து நிறுத்து, வீடு திரும்பி மறுபடியும் அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையில். நல்ல பழக்கம் என்ற பெயரில் அவளுக்கு இன்னும் ஐந்து வேலை கொடுப்பது நமது நோக்கம் அல்ல.

ஆகவே ஆண் தோழர்களிடம் நேராகக் கேட்கிறோம். உரக் குழி தோண்டுவதும், விறகு பிளந்து அடுக்குவதும், கான் திறப்பதும், குழாய்க்கு அடைப்புச் செய்வதும் உங்கள் வேலையாகட்டும். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவுவது அதில் சாப்பிட்டவர் வேலையாகட்டும். பெரிய பிள்ளைகள் ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் குப்பையைப் பிரித்துப் போடப் பழகட்டும். ஒரு வீட்டில் வேலை பங்கிடப்படாமல் எந்தப் பழக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காது.

நமது கடமையும் அவர்கள் கடனும்

நாம் துணிப் பை எடுத்துப் போவதால் கம்பனியின் பொறுப்போ பிரதேச சபையின் பொறுப்போ தீர்ந்துவிடாது. இதை உரத்துச் சொல்கிறோம்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட மக்களுக்குப் பிரதேச சபைகள் சேவை செய்வதற்கு நீண்ட காலம் தடையாக இருந்தது. நாம் வாக்களித்தோம், நமது வாக்கில் சபைகள் அமைந்தன, ஆனால் குப்பை வண்டி தோட்டத்து எல்லையோடு திரும்பிப் போனது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இன்று "தோட்டத்துக்குள் வர சட்டம் இல்லை" என்று எந்தச் சபையும் சொல்ல முடியாது. குப்பை உழவு இயந்திரம் லயங்களுக்கு வரவேண்டும் என்று கேட்பது நமது உரிமை. பிரித்துக் கட்டி வைத்த மூட்டையோடு நின்று கேட்டால் அந்தக் கோரிக்கையை யாராலும் தட்ட முடியாது.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கைமாறின. இன்று பல தோட்டங்களின் தேயிலை, சுற்றாடலைப் பாதுகாக்கும் தேயிலை என்ற சான்றிதழோடு வெளிநாட்டுக்குப் போகிறது. பச்சைத் தவளை முத்திரையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சான்றிதழ்கள் மரத்தையும் பறவையையும் பற்றி மட்டும் பேசவில்லை. தொழிலாளியின் பாதுகாப்பான குடிநீர், மருந்தடிப்பவரின் பாதுகாப்பு உடுப்பு, கழிவு அகற்றல் பற்றியும் பேசுகின்றன. சில தோட்டங்களில் ஓடிட்டர் வரும் வாரத்தில் மட்டும் கான் துப்புரவாகிறது, பலகைக்குப் புது வர்ணம் பூசப்படுகிறது. ஓடிட்டர் உங்களிடம் பேசினால் பயப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். பீலியில் வரும் தண்ணீர் எந்த நிறம், கையுறை கடைசியாக எப்போது கொடுத்தார்கள், வெறும் கேன் எங்கே கிடக்கிறது என்பதையெல்லாம் சொல்லுங்கள். சான்றிதழுக்கு வேர்வை சிந்துபவர்கள் நாம்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயன்றால் ஒன்றும் நடக்காது. ஆகவே நமது யோசனை இது. ஒரு லயம், ஒரு மாதம், ஒரு பழக்கம். முதல் மாதம் பீலிக் குழாய்க்கு அடைப்பு. அது பழகிய பிறகு லன்ச் ஷீட்டை விடுவது. அதற்கு அடுத்து உரக் குழி. எந்த லயத்துக்கு எது அவசரம் என்பதை அந்த லயத்தவர்களே கூடித் தீர்மானிக்கட்டும். தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் அணித் தலைவிகளும் மாதக் கூட்டத்தில் சந்தா, சம்பளம், வழக்கு விஷயங்களோடு இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கட்டும்.

கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அன்னதானத்துக்கு வாழை இலை போதும். கரண்டி முதல் தட்டு வரை பல பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2023 ஒக்டோபரிலிருந்து நாட்டில் தடை உண்டு. சிவனொளிபாத மலைப் பருவகாலத்தில் யாத்திரிகர்கள் விட்டுப்போகும் போத்தல்கள் மஸ்கெலியாப் பக்கத்து ஓடைகளை என்ன செய்கின்றன என்பதை அங்குள்ள அங்கத்தவர்கள் அறிவார்கள். அவர்களைக் குறை சொல்லும் முன் நமது தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் மைதானத்தைப் பார்ப்போம்.

சங்கமும் தன் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். நமது கூட்டங்களில் பிளாஸ்டிக் போத்தல் தண்ணீருக்குப் பதிலாகக் குடத்துத் தண்ணீரும் கோப்பையும் இருக்கட்டும். மே தினத்துக்கு ஒருநாள் கட்டி மறுநாள் கானில் கிடக்கும் பிளாஸ்டிக் பதாகைக்குப் பதிலாக, வருடா வருடம் மடித்து வைத்து எடுக்கக்கூடிய துணிப் பதாகை இருக்கட்டும். அங்கத்தவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு நாம் வேறொன்று செய்ய முடியாது.

இருநூறு வருடமாக இந்த மலைகளில் உழைக்கிறோம். இந்த மண்ணில் வீட்டுக்கும் காணிக்கும் உரிமை கேட்கிறோம். நமது பெயரில் உறுதி கிடைக்கும் நாளில், அந்தக் காணியில் ஊற்று ஓட வேண்டும், மண் சரியாமல் நிற்க வேண்டும், போட்ட விதை முளைக்க வேண்டும். கையெழுத்துக்காகப் போராடுவோம். கையெழுத்து வரும் வரை மண்ணையும் தண்ணீரையும் காப்பாற்றி வைப்போம்.

இந்த வாரமே உங்கள் லயத்தில் நாலு பேர் கூடுங்கள். எந்தப் பழக்கத்தைத் தொடங்கினீர்கள் என்பதை உங்கள் கமிட்டித் தலைவர் மூலம் சங்கக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். நல்ல முயற்சிகளை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம். ஒரு தோட்டத்தில் நடந்தது அடுத்த தோட்டத்துக்கும் பரவட்டும்.